வழியில் இரண்டு நிலையங்கள்

விடுமுறைக்கு ஊர் திரும்பும் நம் மாணவர்களுக்கு வாரங்கல்லிலிருந்து சென்னை வரையுள்ள வழி பெரும்பாலும் உறக்கத்திலேயே கழிந்துவிடுகிறது. டெல்லியில் ஏறும்போது இருந்த உற்சாகம் நாகபுரியோடு தீர்ந்துவிடும். கொண்டுவந்த தின்பண்டமும் தீர்ந்திருக்கும், சீட்டுக்கட்டும் சலித்திருக்கும். இனி, மேடையில் தமிழ்ப் பெயர்ப்பலகை தென்படும்போதுதான் கண் விழிப்போம். அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு நாம் கடந்து செல்லும் நிலையங்களுள் இரண்டைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தேன். ஒன்று தோர்ணக்கல். வாரங்கல்லுக்குத் தெற்கே, சிங்கரேணி நிலக்கரிச் சுரங்கப் பகுதிக்குக் கிளைப்பாதை பிரியும் சந்திப்பு அது. மற்றொன்று ஓங்கோல். காளைக்குப் பெயர்போன ஊர் என்பதற்கு மேல் அதைப் பற்றி நம்மவர் அறிந்தது குறைவு.

கிறிஸ்தவ சமயம் நம் நாட்டுக் கிராமங்களுக்குள் எவ்வாறு புகுந்தது என்று கேட்டால், விடுதி அறைகளில் இரண்டு விடைகள் ஆயத்தமாக இருக்கும். "வெள்ளைக்காரப் பாதிரி வந்தான், அரிசியும் துணியும் கொடுத்தான், ஏழையை மதம் மாற்றினான்" என்பது ஒரு கட்சி. "பாதிரியார் வந்தார், பள்ளியும் மருத்துவமனையும் கட்டினார், இருளில் கிடந்த ஏழையைக் கைதூக்கிவிட்டார்" என்பது மறு கட்சி. இரண்டு வாக்கியங்களையும் இலக்கணக் கண்கொண்டு பாருங்கள். இரண்டிலும் எழுவாய் பாதிரியாரே! கிராமத்து ஏழை இரண்டிலும் செயப்படுபொருளாகவே நிற்கிறான். அவன் என்ன எண்ணினான், எதைக் கேட்டான், எதை விட்டான், அதற்கு என்ன விலை கொடுத்தான் என்று இரு கட்சியினரும் விசாரிப்பதில்லை. நானும் சென்ற கோடை வரையில் விசாரித்ததில்லை.

சென்ற கோடையில் ஊருக்குச் சென்றபோது, வாரங்கல்லில் ஏறிய பெரியவர் ஒருவர் என் எதிரில் அமர்ந்தார். ஓய்வு பெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியர். மகள் வீட்டிலிருந்து ஓங்கோலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். பயணச்சீட்டுப் பரிசோதகர் வந்து, திருமாலின் திருநாமங்களுள் ஒன்றைச் சொல்லி அழைக்க, "நானே" என்று கை உயர்த்தினார். தெலுங்கும் ஆங்கிலமும் கலந்து பேசினார். எனக்குத் திருநெல்வேலிப் பக்கம் என்று அறிந்ததும் அவர் முகம் மலர்ந்தது. "அப்படியா பாபு! அசரியா அய்யகாருவின் சீமையா?" என்றார். எனக்குத் தெரிந்த அசரியா பள்ளியில் என்னோடு படித்த ஒருவனே. அதைச் சொன்னேன். பெரியவர் சிரிக்கவில்லை. சற்று நேரத்தில் வண்டி தோர்ணக்கல்லில் நின்றது. அவர் சன்னலுக்கு வெளியே கையை நீட்டி, "இங்கே ஒரு பெரிய கோவில் இருக்கிறது. உங்கள் ஊர்க்காரர் கட்டியது. நீ படிக்கிற படிப்பில் இதெல்லாம் வராதா?" என்று கேட்டார். ஊர் போய்ச் சேர்ந்ததும் கிடைத்த நூல்களைத் தேடிப் படித்தேன். அவற்றிலிருந்தும் அவரிடமிருந்தும் அறிந்தவையே கீழ்வருவன.

வண்டி முதலில் தொடுவது தோர்ணக்கல்லை. கதை தொடங்குவதோ ஓங்கோலில். ஆகையால் காலத்தை முன்னிட்டு ஓங்கோலுக்கே முதலில் செல்வோம்.

தெலுங்கு நாட்டில் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் இரு பெரும் பிரிவினர். மாலர் என்போர் வயற்கூலிகளும் நெசவாளரும்; மாதிகர் என்போர் தோல்தொழில் செய்வோர். இரு சாராரும் ஊருக்கு வெளியே, தனித்தனிச் சேரிகளில் வாழ்ந்தனர். ஊருக்கு மாதிகர் இன்றியமையாதவர். உழவனுக்குச் செருப்பும், ஏர்மாட்டுக்கு வாரும், கிணற்றில் நீர் இறைக்கும் கமலைக்குத் தோல்பையும் அவர் தைத்துத் தரவேண்டும். ஊரில் மாடு செத்தால் அவரே இழுத்துச் செல்லவேண்டும். கிராம தேவதைக்குத் திருவிழா வந்தால் அவர் பறை கொட்டினால்தான் விழா தொடங்கும். இத்தனைக்கும் கூலி, அறுவடைக் களத்தில் வீசப்படும் சிறிது தானியமும், செத்த மாட்டின் இறைச்சியும். அவ்விறைச்சியை அவர் உண்பதைக் காட்டியே அவர் தீண்டத்தகாதவர் என்றது ஊர். கூலியாக அதைக் கொடுத்த கையும் ஊரின் கைதான்!

அம்மாதிகருள் எர்ரகுண்ட்ல பேரய்யா என்று ஒருவர் இருந்தார். தோல் வாங்கி விற்பவர். வாணிகத்தின் பொருட்டு வடக்கே நெடுந்தொலைவு சென்று வருபவர். எழுத்தறிவு இல்லாதவர், ஆயினும் ஆன்ம விசாரம் மிக்கவர். பெண் குரு ஒருவரிடம் யோகம் பயின்றவர் என்று அவர் வரலாறு கூறுகிறது. நம் பாடநூல்கள் சித்திரிக்கும் 'அறியாமையில் மூழ்கிய கிராமவாசி' இவர் அல்லர் என்பதைக் கவனிக்க வேண்டும். சேரிகளுக்குள்ளும் குருமார் இருந்தனர். சாதியை மறுத்த யோகிகளின் மரபு இருந்தது. 'இறைவன் ஒருவனே' என்னும் பேச்சு திண்ணையில் நடந்தது. எங்கோ வடக்கே, ஏலூர்ப் பக்கத்தில், பேரய்யா கிறிஸ்துவைப் பற்றிய உபதேசம் கேட்டார். தாம் தேடியது இதுவே என்று அவருக்குத் தோன்றியது. 1866-ஆம் ஆண்டில் ஜான் கிளஃப் என்னும் அமெரிக்க பாப்டிஸ்டு மிஷனரி ஓங்கோலில் குடியேறியதை அறிந்து, பேரய்யாவே அவரைத் தேடிச் சென்றார். மிஷனரி கிராமத்தைத் தேடிச் சென்றதற்கு முன், கிராமம் மிஷனரியைத் தேடி வந்துவிட்டது. 1867 தொடக்கத்தில் கிளஃப் பேரய்யாவின் சிற்றூருக்குச் சென்றபோது, அவர் உற்றாரும் அண்டை ஊராருமாக 28 பேர் ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாக இருந்தனர்.

அதன்பின் பேரய்யா தம் பழைய தோல்வாணிக வழிகளிலேயே நடந்தார். மாமன் வீடு, மைத்துனன் வீடு, சம்பந்தி வீடு என்று உறவு எங்கெல்லாம் ஓடிற்றோ அங்கெல்லாம் செய்தியும் ஓடிற்று. தெலுங்கு நாட்டில் கிறிஸ்தவம் பரவியதை வரைபடத்தில் குறித்தால், அது மிஷன் பங்களாக்களைச் சுற்றி வட்டமிட்டுப் பரவியதாக இராது; பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர்களைத் தொடுத்துக்கொண்டு போகும்.

கிளஃபுக்கும் ஒரு சோதனை வந்தது. ஓங்கோலில் அவர் நடத்திய பள்ளியில் உயர்சாதிப் பிள்ளைகள் படித்தனர். ஊர்ப் பெரியோர் அவரோடு இணக்கமாகவே பழகினர். "மாதிகரைச் சேர்த்துக்கொண்டால் எங்கள் பிள்ளைகள் இங்கே வரமாட்டார்கள்" என்று அவர்கள் தெரிவித்தபோது, எதை விடுவது என்னும் இக்கட்டில் அவரும் அவர் மனைவியாரும் நின்றனர். முடிவில் மாதிகர் பக்கம் நின்றனர். பள்ளி காலியாயிற்று. நம் நாட்டில் மேல்தட்டு மக்களைக் கவர்ந்துவிட்டால் கீழ்த்தட்டு தானே பின்தொடரும் என்று கணக்குப் போட்டுக் கல்லூரிகள் நிறுவிய மிஷன்கள் பல. அக்கணக்கு ஓங்கோலில் தலைகீழாயிற்று.

கிறிஸ்தவரான மாதிகருக்கு விதிக்கப்பட்ட கட்டளைகள் மூன்று: ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யலாகாது, செத்த மாட்டை உண்ணலாகாது, விக்கிரகங்களை வணங்கலாகாது. கேட்பதற்கு வெறும் சமய ஆசாரங்களாகத் தோன்றுகின்றன அல்லவா? கிராமத்தின் அமைப்போடு சேர்த்துப் பார்த்தால் அவற்றின் வேகம் புரியும். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யமாட்டேன் என்றால், ஏழு நாளில் ஒரு நாள் எனக்குச் சொந்தம், அன்று நீ கூப்பிட்டால் வரமாட்டேன் என்று பொருள். உழவும் அறுப்பும் நடக்கும் பருவத்தில் ஓர் அடிமை இப்படிச் சொன்னால் நிலக்காரன் பொறுப்பானா? செத்த மாட்டை உண்ணமாட்டேன் என்றால், நீ கூலி என்று கொடுப்பதை நான் கூலியாக ஏற்கவில்லை என்று பொருள். விக்கிரகத்தை வணங்கமாட்டேன் என்றால், திருவிழாவில் பறை கொட்டமாட்டேன் என்று பொருள். பறை ஒலிக்காவிட்டால் தேவி சினம் கொள்வாள், கொள்ளைநோய் வரும், பழி மாதிகன் தலையில் விழும். ஆகவே ஊர் சினந்தது. கிணறு மூடப்பட்டது, கடைக்காரன் சாமான் தர மறுத்தான், வேலை நின்றது, பொய் வழக்குகளும் வந்தன. பட்டினி கிடந்தும் பலர் அம்மூன்றையும் காத்தனர். சிலர் காக்க முடியாமல் மீண்டும் பறையை எடுத்தனர். இரண்டையும் சொல்வதே நியாயம். அரிசி வாங்கிக்கொண்டு மாறினார்கள் என்பவர், மாறியதால் நின்றுபோன அரிசியையும் கணக்கில் எழுதவேண்டும்.

இனி வருவது பஞ்சத்தின் கதை. இங்கேதான் எதிர்க்கட்சியின் வாதம் வலுவாக நிற்கிறது, அதை மழுப்பக்கூடாது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை உலுக்கிய தாது வருஷப் பஞ்சத்தை நம் பாட்டிமார் கதைகளில் கேட்டிருக்கிறோம். அரசாங்கம் பஞ்ச நிவாரணப் பணியாகப் பக்கிங்காம் கால்வாயை வெட்டிற்று. அவ்வேலைத் தலங்களில் மேற்பார்வையாளர் உயர்சாதியினர். மாதிகன் பட்ட பாடு சொல்லி மாளாது. கிளஃப் தாமே சில மைல் தூரத்துக்குக் குத்தகை எடுத்து, தம் உபதேசியார்களையே மேற்பார்வைக்கு அமர்த்தினார். பல வட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வந்து மண் வெட்டிக் கூலி பெற்றனர். பகலில் மேற்பார்வையிட்ட உபதேசியார், வேலை ஓய்ந்த நேரங்களில் அவர்களோடு அமர்ந்து போதித்தனர். பசித்தவனுக்கு வேலை கொடுத்தவனே போதகனாகவும் இருந்தால், கேட்பவனின் மனம் எவ்வளவு சுதந்தரமானது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

அக்கேள்வி கிளஃபுக்கும் தோன்றியிருந்தது என்பதே இதில் வியப்பு. பஞ்சம் நீடித்த காலமெல்லாம், ஏறக்குறைய ஓராண்டுக்கு மேல், அவர் ஒருவருக்கும் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார். சோற்றுக்காக வந்தவர்கள் என்னும் பெயர் வேண்டாம் என்பது அவர் கருத்து. மழை பெய்தது, கால்வாய் வேலை முடிந்தது, 'இனிக் கொடுப்பதற்குப் பணம் இல்லை, ஊருக்குத் திரும்புங்கள்' என்றார். அவர்கள் திரும்பவில்லை. பணம் வேண்டாம், சபையில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நின்றனர். 1878 ஜூலை 3-ஆம் நாள், குண்டலகம்மா ஆற்றில், ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றனர். முறை வைத்து இருவர் இருவராக ஆற்றில் இறங்கி நின்று அதனைக் கொடுத்தவர்கள் தெலுங்கு உபதேசியார்களே. உலகக் கிறிஸ்தவ ஏடுகள் அந்த எண்ணைக் கொண்டாடின. எனக்கோ அந்த எண்ணைவிட, அதற்கு முந்தைய ஓராண்டு மறுப்பே பெரிதாகத் தோன்றுகிறது. அத்தனை ஆயிரம் பேருக்குப் போதிக்க ஆசிரியர்கள் எங்கே? எழுத்தறிவிக்கப் பள்ளிகள் எங்கே? நீரில் மூழ்கி எழ ஒரு நிமிடம் போதும். மற்றவற்றுக்கு ஒரு தலைமுறை வேண்டியிருந்தது.

இவ்விடத்தில் வண்டியைப் பின்னோக்கிச் செலுத்தித் தோர்ணக்கல்லுக்கு வருவோம். ஓங்கோலில் பஞ்சம் தொடங்குவதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், 1874-ஆம் ஆண்டில், தேரிமணலும் பனங்காடுமான நம் வெள்ளாளன்விளையில் வேதநாயகம் சாமுவேல் அசரியா பிறந்தார். தந்தை தாமஸ் வேதநாயகம் அவ்வூரின் குரு. அசரியா பிறந்த நாடார் சமூகமும் ஒரு காலத்தில் கோவிலுக்குள் விடப்படாதது. பனையேறிப் பிழைத்தோர் அதில் மிகுதி. 1799-இல் முதலூர் என்னும் பெயரிலேயே ஒரு கிறிஸ்தவக் குடியிருப்பு அங்கே தோன்றிற்று. அதன்பின் ஊர் ஊராக அம்மக்களுள் பெருந்தொகையினர் கிறிஸ்தவராயினர். ஓங்கோல் மாதிகர் 1878-இல் எடுத்த அடியைத் திருநெல்வேலியார் இரண்டு மூன்று தலைமுறைக்கு முன்பே எடுத்திருந்தனர் என்பது பொருள். அசரியா அந்த அடியின் பேரப்பிள்ளை போன்றவர். இதை மறந்துவிட்டால் அவர் பிற்காலத்தில் செய்தவற்றின் காரணம் பிடிபடாது.

சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார். இறுதித் தேர்வு எழுதாமலே வெளியேறினார். பட்டம் பெறாத அப்பெருமகனை நினைத்து, பின்பாடம் வைத்திருக்கும் நம் நண்பர்கள் சிலர் ஆறுதல் கொள்ளலாம்! பின் வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் ஊழியராகத் தென்னாடெங்கும் சுற்றினார். 1902-இல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர் தம் சொந்தக் காசில் தொலைவிடங்களுக்கு ஊழியரை அனுப்புவதைக் கண்டார். நூறாண்டுப் பழமையுள்ள திருநெல்வேலிச் சபை இன்னமும் வாங்கிக்கொண்டே இருக்கிறதே என்னும் நாணம் அவரைத் தைத்தது. மறு ஆண்டே, 1903 பிப்ரவரியில், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. இந்தியரின் பணம், இந்திய ஊழியர், இந்திய நிர்வாகம் என்பது அதன் கொள்கை. பனங்கருப்பட்டி விற்ற காசும், சமைக்குமுன் பானையிலிருந்து எடுத்துவைத்த பிடியரிசியும் சேர்ந்து நிஜாம் சீமையிலுள்ள தெலுங்குக் கிராமங்களுக்கு ஆளை அனுப்பின. முதலில் சாமுவேல் பாக்கியநாதன் சென்றார். 1909-இல் அசரியா தாமே குருப்பட்டம் பெற்றுத் தோர்ணக்கல்லுக்குக் குடிபெயர்ந்தார். வயது 35. அறிந்த மொழி தமிழும் ஆங்கிலமும். தெலுங்கைப் புதிதாகக் கற்றார். அயல்மொழி நாட்டில் வந்து, கடைத்தெருவில் சைகை காட்டிக் காய்கறி வாங்கும் நாம், அந்த வயதில் ஒரு மொழியைக் கற்று அதில் நாள்தோறும் போதித்தவரை எண்ணிப் பார்க்கவேண்டும்.

1910-இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில் அவர் பேசிய பேச்சு அவையைத் திடுக்கிடச் செய்தது. வெள்ளை மிஷனரிகள் இந்திய ஊழியரைத் தம் வீட்டு உணவு மேசைக்குக்கூட அழைப்பதில்லை என்பதை வெளிப்படையாகச் சொன்னார். உங்கள் தியாகத்தை அறிவோம், ஆனால் எங்களுக்கு வேண்டியவர் எசமானர் அல்லர், நண்பர் என்பது அவர் கேட்டதன் சாரம். 1912 டிசம்பர் 29-ஆம் நாள் கல்கத்தாவில் அவர் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் அப்பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவரே.

மேலே சொன்ன கதையின் குறைபாட்டை, ஆயிரமாயிரமாக வருவோருக்குப் போதிக்க ஆளில்லாக் குறையை, அசரியா நன்கு உணர்ந்திருந்தார். ஆகவே அவர் பணி பெரும்பாலும் ஆசிரியரை உண்டாக்கும் பணியாயிற்று. கணவனும் மனைவியுமாகப் பயிற்சி பெற்ற உபதேசியார் ஒரு சேரியில் குடியிருப்பர். பகலில் பிள்ளைகள் மாடு மேய்ப்பர்; பெற்றோர் வயலில் இருப்பர். ஆதலால் பள்ளி இரவில் நடக்கும். விளக்கு ஒன்று, மரநிழல் ஒன்று, பாட்டு ஒன்று. எழுத்தறியாதவருக்கு வேதம் கிராமிய மெட்டில் பாட்டாகவே போயிற்று. அத்தியட்சர் மாட்டுவண்டியிலும் சைக்கிளிலும் ஊர் ஊராக வருவார். வந்தால் செபத்தோடு நிற்கமாட்டார். அழுக்கு, நோய், கடன், குடி என்னும் நான்கு பேய்களும் இவ்வூரில் எந்த மட்டில் இருக்கின்றன என்று விசாரிப்பார். சபைக்குக் காணிக்கை கொடுக்கும்படியும் அந்த ஏழைகளையே கேட்பார். காசில்லாவிட்டால் கோழி, பூசணி, ஒரு பிடி தானியம். ஏழையிடம் போய்க் கேட்பதா என்று நமக்குத் தோன்றும். கொடுப்பவனாக ஆகாத வரையில் அவன் எழுந்து நிற்கமாட்டான் என்பது பிடியரிசி மண்ணில் வளர்ந்தவரின் துணிபு. ஞானஸ்நானம் பெறுவோர் தம் கையைத் தம் தலைமேல் வைத்து, நற்செய்தியைப் பிறருக்கு அறிவிப்பது என் கடன் என்று உறுதிமொழி கூறவேண்டும் என்பதும் அவர் வகுத்த முறை. நேற்றுவரை ஊர்த்தெருவில் வாய்திறக்க உரிமையற்றிருந்தவன், இன்று பிறருக்குச் சொல்லக் கடமைப்பட்டவன் ஆகிறான்!

பெரியவர் குறிப்பிட்ட கோவில் 1939 ஜனவரி 6-ஆம் நாள் பிரதிஷ்டை செய்யப்பட்டது. மசூதியின் குவிமாடமும் மினார் போன்ற கோபுரங்களும், நம் கோவில் மண்டபங்களின் தூண்களுமாக அமைந்தது. இவ்வளவு இருந்தும், அதனுள் நடந்த வழிபாட்டு முறை ஆங்கிலேயரின் பிரார்த்தனைப் புத்தகத்தைத் தழுவியதாகவே இருந்தது. தூண்கள் இந்தியாவுக்கு வந்த அளவுக்குப் புத்தகம் வந்து சேரவில்லை என்று குறைகூறுவோர் உண்டு. குறை நியாயமானதே.

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. சாதியை விட்டு ஓடிவந்தவர் சாதியையும் சுமந்துகொண்டு வந்தனர். மாலர் ஒரு மிஷனிலும் மாதிகர் வேறொரு மிஷனிலும் மிகுந்து சேர்ந்தனர். ஒரே சபைக்குள் இரு சாராரும் இருந்த இடத்தில் பெண் கொடுப்பதும் எடுப்பதும் நடக்கவில்லை. உறவுவழியே பரவிய சமயம் உறவின் எல்லையிலேயே நின்றும் போயிற்று. பேரய்யாவின் வழியில் எது பலமோ அதுவே பலவீனமும் ஆயிற்று. திருநெல்வேலியில் பிறந்தவனுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. எங்கள் பக்கத்தில் கல்லறைத் தோட்டத்துக்கும் சாதி உண்டு.

1930-களில் காந்தியடிகள் இக்கூட்ட மதமாற்றங்களைக் கடுமையாகக் கண்டித்தார். சேவை செய்யுங்கள், அதற்கு விலையாக மதத்தைக் கேளாதீர்கள் என்பது அவர் வாதம். அது எளிதில் தள்ளிவிடக் கூடிய வாதமன்று. ஆனால் 1936-இல் ஜான் மாட் என்னும் அமெரிக்கக் கிறிஸ்தவத் தலைவரோடு உரையாடுகையில், ஒரு பசுவிடம் போய் நற்செய்தி சொல்வீர்களா என்று கேட்டு, சமயங்களின் தாரதம்மியத்தை அறியும் திறம் அரிசனங்களுக்கு அதைவிட மிகுதியில்லை என்னும் பொருள்படப் பேசினார். இழிவு கருதிச் சொன்னதன்று என்று பின்னர் விளக்கமும் தந்தார். எனினும் அங்கேதான் அசரியாவின் வழி பிரிந்தது. ஏழைக்கும் ஆன்மா உண்டு, அது தேர்ந்துகொள்ளும் என்பதை அவரால் விட்டுக்கொடுக்க இயலவில்லை. யோகம் பயின்ற பேரய்யா நாற்பது மைல், ஐம்பது மைல் நடந்து தேடியதை அறிந்தவர் எவராலும் விட்டுக்கொடுக்க இயலாது என்றே எண்ணுகிறேன். அதே அசரியா, கிறிஸ்தவருக்குத் தனி வாக்காளர் தொகுதி என்ற 1932-ஆம் ஆண்டு ஏற்பாட்டை எதிர்த்தவர். தலைகளை எண்ணி அரசியல் பங்கு கேட்கத் தொடங்கினால், ஒவ்வொரு ஞானஸ்நானமும் ஒரு வாக்குச்சீட்டாகிவிடும் என்று அஞ்சினார். இவ்விரண்டையும் சேர்த்தே அவரை அளக்கவேண்டும்.

நோக்கங்களை ஆராய்ந்த நூல் ஒன்றும் அக்காலத்தில் வந்தது. பிக்கெட் என்னும் அமெரிக்க மெதடிஸ்டு ஊழியர் கிராமங்களில் விசாரித்து 1933-இல் வெளியிட்டது. வந்தவர்களின் நோக்கம் கலவையானது என்று அது ஒப்புக்கொள்கிறது. இரட்சிப்புக்காக வந்தவரும் உண்டு. நிலக்காரனின் கொடுமைக்கு அஞ்சி வந்தவரும் உண்டு. உறவினர் வந்ததால் வந்தவரும் உண்டு. ஆனால் பின்னாளில் அவர்கள் எப்படி வாழ்ந்தனர் என்பது, எதற்காக வந்தனர் என்பதைவிட, வந்தபின் எப்படிப் போதிக்கப்பட்டனர் என்பதையே பெரிதும் பற்றி நின்றது என்று அந்நூல் காட்டுகிறது. தோர்ணக்கல் வட்டாரத்தில் இதற்கு ஒரு சான்று உண்டு. 1920-களிலும் 30-களிலும், அதுவரை மாலரையும் மாதிகரையும் வாசலில் நிறுத்திய சாதிகளிலிருந்தும் பலர் சபையில் சேர்ந்தனர். அத்தியட்சரின் பிரசங்கத்தைவிட, தம் வயலில் வேலை செய்தவன் குடியை விட்டதும், அவன் மகன் கடிதம் படித்ததுமே தம்மை அசைத்ததாக அவர்கள் கூறினர்.

அசரியா 1945 ஜனவரி முதல் நாள் தோர்ணக்கல்லிலேயே காலமானார். அவர் பல்லாண்டு உழைத்த சபைகளின் ஐக்கியம், தென்னிந்தியத் திருச்சபை என்னும் பெயரில் 1947 செப்டம்பரில் சென்னையில் கைகூடிற்று. 1950-இல் குடியரசின் ஆணை ஒன்று வந்தது. தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் இந்துக்கள் மட்டுமே இடம் பெறலாம் என்றது அது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. ஆந்திரத்தில் கிறிஸ்தவரான தாழ்த்தப்பட்டோருக்குப் பிற்பட்டோர் பட்டியலில் தனிப்பிரிவும் ஒரு விழுக்காடு இடமும் ஏற்பட்டன. 2022-இல் மத்திய அரசு இப்பொருளை ஆராய ஓர் ஆணையமும் அமைத்தது. ஊரின் கண்ணுக்கு மாதிகன் கோவிலுக்குப் போனாலும் சர்ச்சுக்குப் போனாலும் மாதிகனே. ஆணையின் கண்ணுக்கு மட்டும் அவன் வேறு ஆளாகிவிடுகிறான்.

ஓங்கோல் நெருங்கும்போது நன்றாக இருட்டிவிட்டது. பெரியவர் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவருடைய பாட்டனார் இரவுப்பள்ளியில் எழுத்துக் கற்றவராம். கொள்ளுப்பாட்டனார் செருப்புத் தைத்தவராம். விடைபெறுமுன் அவர் பெயரை எழுதிக்கொள்ள விரும்பினேன். பரிசோதகர் சொன்ன பெயரை நினைவிலிருந்து சொல்லி, சரிதானா என்று கேட்டேன்.

"அது சர்ட்டிபிகேட்டில் இருக்கிற பெயர் பாபு" என்றார். "வேலைக்கு, ரேஷனுக்கு, ரயிலுக்கு எல்லாம் அதுதான். என் அப்பா பள்ளியில் சேர்க்கும்போது கொடுத்தது." பிறகு குரலைச் சற்றுத் தாழ்த்தி, சபைப் பதிவேட்டில் உள்ள பெயரைச் சொன்னார். பழைய ஏற்பாட்டில் வரும் முற்பிதா ஒருவரின் பெயர். "வீட்டில் என் மனைவி கூப்பிடுவது அதை" என்றார்.

எதை எழுதிக்கொள்வது என்று கேட்டேன். வண்டி நின்றுவிட்டது. இரண்டையும் எழுதவேண்டாம் என்று சிரித்துக்கொண்டே இறங்கினார்.